பெரிய இனக் குட்டிக்கு எந்த உலர் உணவு? ஐந்து வகைப் பைகள், ஓர் அலசல்

லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர், கிரேட் டேன் என்று எந்தப் பெரிய இனக் குட்டிக்கு உலர் உணவு வாங்கப் போனாலும் ஐந்து வகைப் பைகள் முன்னால் இருக்கும்: பெரிய இனக் குட்டிகளுக்கென்றே வரும் 'லார்ஜ் பிரீட் பப்பி', பொதுவான 'பப்பி', எல்லா வயதுக்குமான 'ஆல் லைஃப் ஸ்டேஜஸ்', வளர்ந்த நாய்க்கான 'அடல்ட்', தானியமே சேர்க்காத 'கிரெய்ன் ஃப்ரீ'. வாங்குபவர்கள் பெரும்பாலும் பார்ப்பது புரத அளவை. பார்க்க வேண்டியது கால்சியத்தை.

காரணம் குட்டியின் குடலில் இருக்கிறது. வளர்ந்த நாய் தேவைக்கு மேல் வரும் கால்சியத்தை உறிஞ்சாமல் விட்டுவிடும். ஏறக்குறைய ஆறு மாதம் வரை குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு சரியாக வருவதில்லை. தட்டில் கூடுதலாக விழும் கால்சியத்தில் கணிசமான பங்கு ரத்தத்தில் கலந்துவிடும். குருத்தெலும்பு ஒழுங்காக எலும்பாக மாறுவது தடைப்படும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஹேசவிங்கல் குழுவினர் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், 1.1% கால்சியம் உள்ள உணவையும் 3.3% உள்ள உணவையும் கிரேட் டேன் குட்டிகளுக்குக் கொடுத்து ஒப்பிட்டார்கள். அதிகம் பெற்ற குட்டிகளுக்கு எலும்பு வளர்ச்சிக் கோளாறுகள் வந்தன. 'புரதம் கூடினால் கால் வளையும்' என்ற பேச்சுக்கு இப்படி ஓர் ஆதாரமும் இல்லை. 15%, 23%, 32% என மூன்று அளவுகளில் புரதம் கொடுத்துப் பார்த்த கிரேட் டேன் ஆய்வில், புரதத்தால் எலும்புக் கோளாறு வந்ததாகத் தெரியவில்லை.

இந்தக் கண்ணோட்டத்தோடு பைகளைப் பார்ப்போம்.

லார்ஜ் பிரீட் பப்பி உணவில் கால்சியம் அளவோடு இருக்கும், கொழுப்பும் ஆற்றலும் சற்றுக் குறைவாக இருக்கும். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகளின் சங்கமான ஆஃப்கோ வகுத்த அளவுகோல்படி, வளர்ந்தபின் 70 பவுண்டு, அதாவது சுமார் 32 கிலோ, அல்லது அதற்கு மேல் எடை வரும் நாய்களின் குட்டி உணவில் ஈரப்பதம் நீக்கிய கணக்கில் கால்சியம் 1.2 முதல் 1.8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 25 கிலோவைத் தாண்டும் இனங்களுக்கும் இதே வரம்பைக் கடைப்பிடிப்பது நல்லது. சந்தேகமே இல்லாமல் முதல் தேர்வு இதுதான். மூட்டுக்கு நல்லது என்று பையில் எழுதியிருக்கும் குளுக்கோசமைனையும் உருண்டையின் பருமனையும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

பொதுவான பப்பி உணவில் இந்த உச்சவரம்பு 2.5% வரை போகலாம். சின்ன இனக் குட்டிக்கு அது பெரும்பாலும் பிரச்சினை இல்லை. பெரிய இனக் குட்டிக்கு இதைக் கொடுப்பதென்றால், கால்சியம் எவ்வளவு என்று உறுதியாகத் தெரிந்த பிறகே கொடுக்க வேண்டும்.

ஆல் லைஃப் ஸ்டேஜஸ் பைகளில் இரண்டு விதம் உண்டு. சத்து உறுதிமொழி வரியில் 'பெரிய உடலமைப்புள்ள நாய்களின் வளர்ச்சி உட்பட' என்று இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். 'நீங்கலாக' என்று இருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு பைகளில்கூட இந்தச் சொல் மாறியிருக்கும். வரி பொடி எழுத்தில் பையின் பின்பக்கம் இருக்கும், தேடிப் படியுங்கள்.

'வேகமாக வளர்ந்துவிடக் கூடாது, நாலாவது மாதமே அடல்ட்டுக்கு மாற்றிவிடு' என்ற அறிவுரை இன்னும் சுற்றுகிறது. இதுதான் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் பெரிய தவறு. வளர்ந்த நாய் உணவுக்குப் புரதத்தின் கீழ்வரம்பு 18%, குட்டிக்கு 22.5%. கால்சியமோ 0.5 முதல் 2.5% வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். ஆற்றலும் குறைவாக இருந்தால், வயிறு நிறையக் குட்டி கூடுதல் கிராம் சாப்பிடும்; கால்சியமும் அதோடு சேர்ந்து உள்ளே போகும்.

கிரெய்ன் ஃப்ரீ என்பதால் எலும்புக்கு எந்த நன்மையும் இல்லை. பட்டாணி, பருப்பு மிகுந்த சில உணவுகளுக்கும் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018-இல் விசாரணையைத் தொடங்கியது. காரணம் இதுதான் என்று நிறுவப்படவில்லை. ஆனாலும் தானிய ஒவ்வாமை இருப்பதாக மருத்துவர் சொல்லாத குட்டிக்கு இந்த வகையைத் தேட எந்தக் காரணமும் இல்லை. 'இறைச்சி அதிகம்' என்று விற்கும் பைகளிலும் கவனம் வேண்டும். எலும்போடு அரைத்த இறைச்சித் தூள் கூடக்கூடக் கால்சியமும் ஏறும்.

சதவீதத்தை மட்டும் பார்த்தாலும் ஏமாறலாம். அ, ஆ என்று இரண்டு பைகள். இரண்டிலும் கால்சியம் 1.6%, ஈரப்பதம் 10%. ஈரப்பதம் நீக்கிய கணக்குக்கு 1.6-ஐ 0.9-ஆல் வகுத்தால் 1.78%, இரண்டும் வரம்புக்குள்தான். ஆனால் அ பையில் கிலோவுக்கு 3500 கிலோகலோரி, ஆ பையில் 4000. ஒரு கிலோவில் உள்ள 16 கிராம் கால்சியத்தை 3.5-ஆல் வகுத்தால் 1000 கிலோகலோரிக்கு 4.57 கிராம், 4-ஆல் வகுத்தால் 4 கிராம். ஆற்றல் கணக்கில் உச்சவரம்பு 4.5 கிராம். ஆ பை தேறும், அ பை தேறாது. பையில் அச்சாகும் கால்சியம் பெரும்பாலும் 'குறைந்தபட்சம்' மட்டுமே. அதிகபட்சமோ சராசரியோ எவ்வளவு என்று நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். பதில் தராத நிறுவனத்தின் பையை ஒதுக்கிவிடலாம். கூடவே பாஸ்பரஸையும் கேளுங்கள்: ஒரு பங்கு பாஸ்பரஸுக்குக் கால்சியம் 1.1 முதல் 1.4 பங்கு என்றால் நல்ல விகிதம்.

சரியான பையை வாங்கிவிட்டு மேலே கால்சியம் பொடி தூவினால் எல்லாம் வீண். நாலு மாதம் முடிந்த, 15 கிலோ எடையுள்ள குட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் அடிப்படை ஆற்றல் தேவை சுமார் 533 கிலோகலோரி. இந்த வயதில் அதைப்போல் இரு மடங்கு, ஏறக்குறைய 1065 தேவை. கிலோவுக்கு 3800 கிலோகலோரி உள்ள உணவில் அது 280 கிராம். உணவில் 1.4% கால்சியம் என்றால் நாளுக்கு 3.9 கிராம் கிடைக்கிறது, 1000 கிலோகலோரிக்கு 3.7 கிராம். இதில் 5 கிராம் கால்சியம் கார்பனேட் பொடி சேர்த்தால் 2 கிராம் கால்சியம் கூடுகிறது. 1000 கிலோகலோரிக்கு அளவு ஐந்தரை கிராமாக ஏறிவிடும். குட்டி உணவில் கால்சியம் ஏற்கெனவே கணக்கிட்டே சேர்க்கப்பட்டிருக்கிறது. மருத்துவர் குறிப்பிட்ட காரணத்துக்காகச் சொன்னாலொழிய பொடி, சிரப் எதுவும் வேண்டாம்.

அந்த 280 கிராமும் தொடக்கப் புள்ளிதான். கப்பால் அள்ளாமல் தராசில் நிறுத்து, மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். நாள் முழுக்கத் தட்டை நிரப்பி வைப்பது பெரிய இனத்துக்கு ஆகாது. லாப்ரடார்களில் நடந்த நீண்டகால ஆய்வில், 25% குறைவாக உண்டு ஒல்லியாக வளர்ந்தவற்றுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு குறைவாக வந்தது. ஆயுளும் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு கூடியது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பாருங்கள். விலாவைத் தடவினால் எலும்புகள் எளிதில் கையில் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கித் தெரிய வேண்டும். விலா தட்டுப்படவில்லை என்றால் உணவில் 10% குறையுங்கள். தின்பண்டங்கள் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. நொண்டினாலோ முன்காலின் மணிக்கட்டு வளைந்தாலோ உணவை மாற்றிக்கொண்டு காத்திருக்காமல் எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப் போங்கள்.

புதிய பைக்கு மாறும்போது 7 முதல் 10 நாள் எடுத்துக்கொண்டு, கால் பங்கிலிருந்து படிப்படியாகக் கூட்டுங்கள். மலம் இளகினால் முந்தைய அளவையே இரண்டு நாள் தொடருங்கள். அடல்ட் உணவுக்குப் பெரிய இனங்களை 12 முதல் 18 மாதத்துக்குள் மாற்றலாம். கிரேட் டேன் போன்ற ராட்சத இனங்களுக்கு 18 முதல் 24 மாதம்வரை பொறுத்திருங்கள்.