அஞ்சு ரோடு எம்பெடட் லினக்ஸ் வகுப்பு: 3,000 ரூபாய்க்குத் தகுமா?

சேலம் அஞ்சு ரோடு பக்கம் ஒரு மாடியில் சனி, ஞாயிறு நடக்கிற எம்பெடட் லினக்ஸ் (சின்னக் கருவிகளுக்குள் ஓடுகிற லினக்ஸ்) வகுப்புக்குப் போன மாதம் போய் வந்தேன். போகலாமா என்று நாலு பேர் கேட்டுவிட்டதால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதல் நாள் காலை சுமார்தான். டிவைஸ் ட்ரீ (போர்டில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்று லினக்ஸுக்குச் சொல்கிற பட்டியல்) என்றால் என்ன, நோட் (அதில் ஒவ்வொரு வன்பொருளுக்குமான பதிவு) என்றால் என்ன என்று ஸ்லைடு மேல் ஸ்லைடு, தூக்கம் சொக்கியது.

மதியம் பவர் டொமைன் வந்ததும் சார் வேறு ஆளாகிவிட்டார். சிப்புக்குள் ஒரு பகுதிக்கு மட்டும் கரண்டை நிறுத்தி வைக்கலாம் இல்லையா, அதைத் தறிக்கூடத்தை வைத்தே சொன்னார். ஒரு மெயின் சுவிட்சில் ஆறு தறி, ஆறும் நின்றால்தான் மெயினை இறக்கலாம், அதிலும் டீ குடிக்கிற நேரத்துக்கு இறக்கி ஏற்றினால் நஷ்டம்தான். எவ்வளவு நேரம் சும்மா கிடந்தால் அணைப்பது லாபம் என்பதை மின்-ரெசிடென்சி-யுஎஸ் என்று மைக்ரோ செகண்டில் எழுதி வைக்கிறோம் (மின் என்றதும் மின்சாரம் என்று நினைத்தேன், மினிமமாம்!). சுவிட்சு இருக்கிற நோடில் பவர்-டொமைன்-செல்ஸ், அதை நம்பி ஓடுகிற நோடில் பவர்-டொமைன்ஸ். செல்ஸ் 1 என்றால் எந்த டொமைன் என்ற எண்ணும் கூடவே போக வேண்டும், 0 என்றால் வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைதான் காசுக்கு வேலை. வீடியோ டீகோடர் நோடில் பவர்-டொமைன்ஸ் என்ற அந்த ஒரு வரியை அழிக்கச் சொன்னார். போர்டு நல்லபடியாகவே பூட் ஆனது, வீடியோவை ஓட்டியதும் செத்த மாதிரி நின்றுவிட்டது, ஒரு எர்ரர் வரி கூட இல்லை. பூட்லோடர் (லினக்ஸுக்கு முன்னால் ஓடுகிற நிரல்) ஏற்றி வைத்திருந்த டொமைனை, யாரும் கேட்கவில்லை என்று கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பூட்டின் கடைசியில் அணைத்துவிட்டது, டீகோடரை இயக்குகிற டிரைவர் நிரல் கரண்ட் இல்லாத ரிஜிஸ்டரை (அதன் கட்டுப்பாட்டு இடத்தை) தொட்டதும் பஸ் (சிப்புக்குள் தரவு போகிற பாதை) தொங்கிவிட்டது. பூட் வரியில் பிடி_இக்னோர்_அன்யூஸ்டு (யாரும் கேட்காத டொமைனையும் அணைக்காதே என்று கெர்னலுக்குச் சொல்வது) சேர்த்தால் ஓடுகிறது, அப்புறம் என்ன சந்தேகம். இதே கோளாறுக்கு ஆபீஸில் மூன்று வாரம் டிரைவரைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

குறை இல்லாமல் இல்லை. நாலு பேருக்கு ஒரு போர்டு. ஒரே டொமைன் என்றால் கெர்னலே சாதனத்தோடு இணைத்துவிடும், ஒன்றுக்கு மேல் போனால் டிரைவர்தான் பெயர் சொல்லி இணைக்க வேண்டும், இந்த முக்கியமான இடத்தைக் கடைசிப் பத்து நிமிடத்தில் தள்ளிவிட்டார்கள்.

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்த நண்பன், முதல் நாள் மதியத்திலிருந்து வந்தாலே போதும் என்கிறான். சரிதான், ஆனால் காசு முழுசாகத்தான் வாங்குவார்கள்.