பான்ஸ் கட்டிக்கு மருந்து: மடை திறப்பதா, குழாய் இறக்குவதா, வெள்ளம் விடுவதா?

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் ஒரு நாள் சாயங்காலம் எம்.ஆர்.ஐ. படங்கள் இருந்த பெரிய உறையோடு என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். மகளுக்கு ஏழு வயது. ஒரு கண் திடீரென்று உள்பக்கமாகத் திரும்பிக்கொண்டது, நடை தள்ளாடியது. கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துக் கண் டாக்டரிடம் போயிருக்கிறார்கள். பார்த்ததுமே தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னவர் அவர்தான். மூளைத்தண்டின் நடுப்பகுதிக்குப் பான்ஸ் என்று பேர். அது முழுவதும் கட்டி பரவியிருந்தது. டி.ஐ.பி.ஜி. என்று டாக்டர்கள் சுருக்கமாகச் சொல்வது இதைத்தான்.

"அண்ணே, வாட்ஸப்புல ஒரு வீடியோ வந்துச்சு. கத்தியே வைக்காம, சவுண்டு அலைய வச்சே கட்டியைக் கரைச்சுப்புடுறாங்களாம். எங்க இருக்குன்னு மட்டும் சொல்லுங்க. வயலை வித்தாவது கூட்டிட்டுப் போயிருறேன்."

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவன், மருத்துவன் இல்லை. ஆனால் ஒலி அலையால் எது முடியும், எது முடியாது என்பது என் பாடம். அவருக்காகப் படித்ததையும் டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வைத்து, மருந்தைப் பான்ஸுக்குள் கொண்டுபோகும் வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் அந்த வீடியோ. அது இரண்டு வேறு வேலைகளைப் போட்டுக் குழப்புகிறது. அலையை அதிக சக்தியில் ஒரே புள்ளியில் குவித்தால் சூடு உண்டாகி அந்த இடம் வெந்துவிடும். கை நடுக்க நோய்க்கு மூளைக்குள் ஒரு சின்னப் புள்ளியை இப்படிச் சுடுவதற்கு அமெரிக்காவில் 2016-ல் அனுமதி கிடைத்தது. பான்ஸில் அதைச் செய்ய முடியாது. முகம், கண், விழுங்குதல், மூச்சு எல்லாவற்றுக்குமான நரம்புகள் அந்தச் சின்ன இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. கட்டியும் தனி உருண்டையாக இல்லாமல், சேற்றில் வேர் இறங்கினமாதிரி அவற்றுக்கு நடுவே ஊடுருவி நிற்கிறது. அறுத்தெடுக்க முடியாததும் சுட முடியாததும் ஒரே காரணத்தால்தான். இந்த நோயில் அலைக்கு உள்ள வேலை வேறு. குறைந்த சக்தியில் அடித்து, மருந்து உள்ளே போகக் கொஞ்ச நேரம் கதவைத் திறந்துவைப்பது. கட்டியைக் கரைக்க வேண்டியது அதன் பிறகு உள்ளே போகும் மருந்து.

எந்தக் கதவு? மூளையின் ரத்தக்குழாய்களுக்கு மற்ற இடங்களில் இல்லாத ஒரு கெடுபிடி உண்டு. குழாயின் உட்சுவர்ச் செல்கள் இடைவெளியே இல்லாமல் தைத்ததுபோல் ஒட்டியிருக்கும். தப்பி நுழைகிற மருந்தையும் திருப்பி ரத்தத்துக்கே தள்ளிவிடும் பம்புகள் அந்தச் செல்களில் உண்டு. இதற்கு ரத்த–மூளைத் தடுப்பு என்று பேர். பெரியவர்களுக்கு வரும் சில மூளைக் கட்டிகள் இந்தத் தடுப்பைத் தாமே கிழித்துவிடும். டி.ஐ.பி.ஜி.யில் அது பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. படத்தில் கட்டியைப் பளிச்சென்று காட்டும் மருந்தை ஏற்றி எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் கட்டி அதிகம் வெளுக்காமல் தெரிவது அதனால்தான். கையில் ஏற்றும் கீமோ பான்ஸை ஒட்டிய குழாய் வழியாக ஓடுகிறது, உள்ளே இறங்குவதில்லை. கடைமடைக்காரருக்கு இது புரிய ரொம்ப நேரம் ஆகவில்லை. "வாய்க்கால்ல தண்ணி போகுது, வயலுக்கு ஏறல, அப்படித்தானேண்ணே?" என்றார்.

வயலுக்குத் தண்ணீர் ஏற்ற மூன்று வழிகள் உண்டு.

வெள்ளம் விடுவது பழைய வழி. தொடையில் குழாய் நுழைத்து, மூளைக்குப் போகும் தமனி வரை கொண்டுபோய், மேனிடால் என்ற சர்க்கரை வகைப் பொருளின் கெட்டியான கரைசலைச் செலுத்துவார்கள். குழாய்ச்சுவர்ச் செல்கள் நீரிழந்து சுருங்கும், தையல் விடும், பின்னாலேயே கீமோ போகும். அமெரிக்காவின் ஓரிகனில் எட்வர்டு நியூவெல்ட் குழுவினர் பல ஆண்டுகள் இதைச் செய்து, சில வகை மூளை லிம்போமாவில் (நிணநீர்ச் செல் புற்றில்) பலனும் கண்டார்கள். ஆனால் இது அணையைத் திறப்பதுபோல. அந்தத் தமனி பாயும் மூளைப்பகுதி மொத்தத்துக்கும் தடுப்பு திறக்கும், நல்ல திசுவுக்குள்ளும் மருந்து பாயும். வலிப்பு வரலாம், ஒவ்வொரு முறையும் முழு மயக்கம் வேண்டும். இரண்டு விரல் அகலமுள்ள பான்ஸுக்காக இத்தனை மூளையை நனைப்பது எனக்கு ஒப்பவில்லை. இதை இத்தோடு விடுகிறேன்.

குழாய் இறக்குவது அடுத்த வழி. 1994-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் பாபோ, ஓல்டுஃபீல்டு குழுவினர் இதை முன்வைத்தார்கள். மண்டையில் சிறு துளை போட்டு, நூல்போன்ற குழாயைக் கட்டிக்குள்ளேயே இறக்கி, நிமிடத்துக்குச் சில மைக்ரோலிட்டர் வீதம் மருந்தை மெல்ல அழுத்திச் செலுத்துவது. சொட்டுநீர்ப் பாசனத்தின் பொறுமைதான். தடுப்பைத் திறக்கவே வேண்டாம், அதைத் தாண்டிய இடத்தில்தானே மருந்து விழுகிறது. ஒருக்காலும் தடுப்பைக் கடக்காத பெரிய மூலக்கூறையும் கொடுக்கலாம், ரத்தத்தில் கலப்பதும் மிகக் குறைவு. நியூயார்க்கில் மார்க் சுவைடேன் குழு 28 டி.ஐ.பி.ஜி. பிள்ளைகளுக்குக் கதிரியக்க அயோடின் ஒட்டிய எதிர்ப்பொருளை இப்படிச் செலுத்தி, பான்ஸுக்குள் குழாய் இறக்குவதைப் பாதுகாப்பாகச் செய்ய முடியும் என்று 2018-ல் வெளியிட்டது. அறுவைக்காரர்கள் தொடவே அஞ்சிய இடம் அது. அந்தக் கைகளை நினைத்தால் எனக்கு மரியாதை பொங்குகிறது.

குறை எங்கே என்றால், மருந்து எந்தப் பக்கம் ஊறும் என்பது நம் கையில் முழுதாக இல்லை. தண்ணீர் இளகிய மண்ணைத் தேடுவதுபோல அது சுலபமான வழியைத் தேடும். குழாயை ஒட்டியே மேலேறி வழிந்துவிடுவதும் உண்டு. கட்டியின் ஒரு மூலை நனையாமல் நின்றால் அங்கிருந்து மறுபடி முளைக்கும். அடுத்த தவணைக்கு மறுபடி குழாய், இல்லையென்றால் உடம்பிலேயே நிரந்தரமாக ஒரு வாசல். பிரிஸ்டலில் ஸ்டீவன் கில், காதுக்குப் பின்னால் எலும்பில் பதித்த வாசல் வழியாகத் திரும்பத் திரும்பச் செலுத்தும் முறையை உருவாக்கியது இதற்காகத்தான்.

சரி, ஒலி அலையால் மடை திறக்கும் வழிக்கு வருவோம்.

2001-ல் குல்லெர்வோ ஹைனினென் குழுவினர் முயல்களில் காட்டிய வித்தை இது. கையில் நுண்குமிழிகளை ஏற்றுகிறார்கள். கொழுப்பு ஓடு போர்த்திய வாயுக் குமிழிகள் அவை, சிவப்பணுவை ஒத்த அளவோ அதற்கும் சிறியதோ. இதயத்துக்கு எக்கோ எடுக்கும்போது படம் தெளிவாகத் தெரிவதற்கென்று இதே குமிழிகளைப் பல காலமாக ஏற்றுகிறார்கள். பிறகு மண்டைக்கு வெளியிலிருந்து அலைகளைப் பான்ஸில் குவிக்கிறார்கள். குமிழி ரத்தத்தோடு மூளை முழுக்கச் சுற்றுகிறது, ஆனால் அலை குவியும் இடத்தில் மட்டும் சுருங்கி விரிந்து துடிக்கிறது. அந்தத் துடிப்பு குழாய்ச்சுவரை உள்ளிருந்து இழுத்துத் தள்ள, தையல் விடுகிறது, பம்புகளின் வேகமும் தணிகிறது. சில மணி நேரத்தில், அதிகம் போனால் ஒரு நாளுக்குள், எல்லாம் பழையபடி மூடிக்கொள்ளும். மேனிடாலில் கிடைக்காத இடத்துல்லியம் இதில் கிடைக்கிறது, துளை போடவும் வேண்டாம்.

இயற்பியல்காரனாக எனக்கு மிகவும் பிடித்தது இதன் காவல் ஏற்பாடு. அளவாகத் துடிக்கும் குமிழி ஒரு சீரான எதிரொலி தரும். சக்தி கூடிப்போய்க் குமிழி வெடிக்கத் தொடங்கினால் அந்த ஒலி இரைச்சலாகக் கலங்கும். கருவி அதை ஒட்டுக் கேட்டுக்கொண்டே இருந்து, கலங்கியவுடன் சக்தியைக் குறைக்கிறது. ரத்தக்கசிவு வராமல் காப்பது இந்தக் காதுதான். மண்டையோடு இன்னொரு சிக்கல். எலும்பு அலையை விழுங்கும், வளைக்கும். ஆயிரத்துச் சொச்சம் ஒலிமூலங்கள் பதித்த ஹெல்மெட்டில் ஒவ்வொன்றின் நேரத்தையும் எலும்பின் தடிமனுக்கேற்பத் திருத்தி அலைகளை ஒரே இடத்தில் சேர்க்கிறார்கள். பிள்ளைகளின் எலும்பு மெல்லிது, அது உதவி. பான்ஸோ கபாலத்தின் அடித்தளத்தை ஒட்டி இருக்கிறது, சுற்றிலும் கெட்டி எலும்பு, அலை அங்கே மோதித் திரும்பும். அது உபத்திரவம்.

மனிதரில் முதல் முறையாக 2015 நவம்பரில் டொராண்டோவின் சன்னிபுரூக் மருத்துவமனையில் ஒரு மூளைக் கட்டி நோயாளிக்கு டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்தோடு இதைச் செய்தார்கள். பாரிஸில் அலெக்சாண்டர் கார்ப்பென்டியே குழு வேறு வழி பிடித்தது. அலைக்கருவியையே மண்டையோட்டில் பதித்துவிடுவது. அந்த வகைக் கருவியின் ஒன்பது ஒலிமூலங்கள் கொண்ட வடிவத்தை அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பெரியவர்களின் கட்டிகளுக்குப் பயன்படுத்தி 2023-ல் முடிவு சொன்னார்கள். அலை பட்ட மூளைத்திசுவில் கீமோ மருந்துகளான பேக்ளிடாக்செல் 3.7 மடங்கும் கார்போபிளாட்டின் 5.9 மடங்கும் கூடுதலாக இருந்தது. இந்த எண்கள் எனக்குத் தெம்பு தருகின்றன, மடை உண்மையிலேயே திறக்கிறது என்பதற்கு நேரடிச் சான்று. அதே ஆய்வில் தடுப்பு ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பெருமளவு மூடத் தொடங்கியதும் தெரிந்தது. ஆகவே மருந்து எப்போது ஏற வேண்டும் என்ற நேரக்கணக்கில்தான் பாதி வெற்றி. பதித்துவைக்கும் கருவி மேற்பரப்புக் கட்டிக்கு அருமையானது, ஆழத்தில் கிடக்கும் பான்ஸுக்கு வெளியிலிருந்து குவிப்பதே பொருத்தம். வட அமெரிக்காவில் டி.ஐ.பி.ஜி. பிள்ளைகளிடமே இப்படிக் குவித்துப் பார்க்கும் சோதனைகள் தொடங்கிவிட்டன. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹெல்மெட்டும் எம்.ஆர்.ஐ. அறையும் இல்லாமல், முன்பே எடுத்த ஸ்கேனை வைத்துக் குறிபார்க்கும் எளிய கருவியோடு பானோபினோஸ்டாட் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். மதுரை போன்ற ஊருக்கு என்றாவது வந்து சேர்வதானால் இந்த எளிய வகைதான் வரும் என்பது என் நம்பிக்கை.

மூன்றில் எது என்று கேட்டால், பான்ஸுக்கு மடைதான் என் தேர்வு. திரும்பத் திரும்பச் செய்யலாம், துளை வேண்டாம், கட்டி முழுவதையும் தவணை தவணையாக வருடிப் போகலாம். பெரிய மூலக்கூறு மருந்து என்றால் மட்டும் குழாய்க்கு முதலிடம் தருவேன்.

ஆனால் மடை திறந்தால் போதுமா? வாய்க்காலில் வருவது நல்ல தண்ணீராக இருக்க வேண்டுமே. டெமோசோலோமைடு தடுப்பை ஓரளவு தானாகவே கடக்கும் கீமோ மருந்து. அதை ரேடியேஷனோடு சேர்த்துக் கொடுத்தும் டி.ஐ.பி.ஜி. பிள்ளைகளின் ஆயுள் கூடவில்லை என்பது அமெரிக்காவில் நடந்த பெரிய சோதனையின் முடிவு. உள்ளே போவது ஒன்று, உள்ளே போய்க் கொல்வது இன்னொன்று. டாக்சோரூபிசினுக்கு மொத்த அளவு மீறினால் இதயத்தைக் கெடுக்கும் என்ற எல்லை வேறு இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. வீக்கம் தணிய இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு தடுப்பை இறுக்கும் குணமுள்ளது. ஒரு கை திறக்க ஒரு கை மூடுகிறது. அதற்காக வீட்டில் யாரும் ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது, அது உயிருக்கே ஆபத்து.

தடுப்பைத் தானே தாண்டும் மருந்து கிடைத்துவிட்டால் மடையே வேண்டாமே என்று கேட்கலாம். அப்படி ஒன்று வந்திருக்கிறது. இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் எச்3 கே27எம் என்ற மரபணு மாற்றம் உண்டு என்பது 2012-ல் தெரிந்தது. அந்த மாற்றமுள்ள கட்டி சிகிச்சைக்குப் பின் மறுபடி வளர்ந்தால் கொடுக்க, டோர்டாவிப்ரோன் என்ற வாராந்திர மாத்திரைக்கு 2025 ஆகஸ்டில் அமெரிக்கா விரைவு அனுமதி தந்தது. அனுமதிக்கு அடிப்படையான 50 பேரில் 22 சதவீதத்தினரின் கட்டி சுருங்கியது. சிறிய எண்தான். ஆனால் இந்த வகைக் கட்டிகளில் பல பத்தாண்டுகளாக எதுவுமே அசையாமல் இருந்ததைப் பார்த்தவர்களுக்கு அது சின்னதாகத் தெரியாது.

அன்று தம்பியிடம் நான் முதலில் சொன்னது கரண்ட் வைப்பதைத் தள்ளிப்போடாதீர்கள் என்பதுதான். மதுரையில் ரேடியேஷனுக்கு அப்படித்தான் பேர். வாரத்துக்கு ஐந்து நாள், ஆறு வாரம், 30 தவணை, மொத்தம் 54 கிரே (கதிர்வீச்சின் அளவு). இன்றைக்கும் இந்தப் பிள்ளைகளுக்கு நிச்சயமாக மாதங்களைக் கூட்டித் தருவது இது ஒன்றுதான். பெரும்பாலோருக்கு நடையும் கண்ணும் சில வாரங்களில் தேறும். நோய் தெரிந்த நாளிலிருந்து பாதிப் பிள்ளைகள் ஓராண்டைத் தாண்டுவதில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை.

பிறகு கேட்டார், "அப்ப வயலை விக்க வேணாமாண்ணே?" வேண்டாம் என்றேன். மடை திறக்கும் சிகிச்சை இன்னும் சோதனைக் கட்டத்தில் இருக்கிறது. முறையான சோதனை என்றால் சோதிக்கும் சிகிச்சைக்குக் குடும்பத்திடம் பணம் கேட்பது வழக்கமில்லை. லட்சக்கணக்கில் முன்பணம் கேட்டு வீடியோ போடுகிறவர்களிடமிருந்து தள்ளி நிற்க அதுவே போதுமான அடையாளம். வாய்ப்பு வந்தால் கைவசம் இருக்க வேண்டியவற்றையும் எழுதிக் கொடுத்தேன். எம்.ஆர்.ஐ. சி.டி. (ஃபிலிம் மட்டும் போதாது), பயாப்ஸி எடுத்திருந்தால் அதன் பாரஃபின் ப்ளாக் (மெழுகில் பதித்த கட்டித் துணுக்கு), மரபணு ரிப்போர்ட், ரேடியேஷன் முடித்த சுருக்கக் குறிப்பு, ஸ்டீராய்டு எந்தத் தேதியில் எவ்வளவு என்ற பட்டியல்.

இருபத்தோராவது தவணை முடிந்த அன்று பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தார். யார் கையையும் பிடிக்காமல் திண்ணைப் படி ஏறினாள். அத்தனை காகிதமும் ஒரு மஞ்சப்பையில் தேதிவாரியாக அடுக்கியிருந்தது. மரபணு ரிப்போர்ட்டுக்கு மட்டும் ஓர் இடம் விட்டுவைத்திருந்தார், அது வர இன்னும் பத்து நாள் ஆகும் என்று சொல்லியிருந்தார்களாம்.