அலெக்ஸாண்ட்ரைட்டா, நிறம் மாறும் நீலக்கல்லா?

அக்கா மகளுக்கு மோதிரம் எடுக்க நாகர்கோவிலில் கடை ஏறினோம். அலெக்ஸாண்ட்ரைட் என்ற ரத்தினக்கல் வாசல் வெயிலில் பச்சை. உள்ளே குண்டு பல்பின் அடியில் ஊதாச்சிவப்பு! அதிலுள்ள குரோமியம் மஞ்சள் ஒளியை விழுங்கிவிடும். மிஞ்சும் பச்சை, சிவப்பில் எது வெளிச்சத்தில் அதிகமோ அதுவே கண்ணுக்குத் தெரியும். நிறம் மாறும் நீலக்கல்லோ நீலத்திலிருந்து ஊதாவுக்கு மெல்ல நகரும், அவ்வளவுதான். கடினத்தன்மை (வைரம் 10 என்ற மோஸ் அளவில்) நீலக்கல்லுக்கு 9, அலெக்ஸாண்ட்ரைட்டுக்கு 8.5, தினமும் போட இரண்டும் தாங்கும். விலை மட்டும் மலைக்கும் மடுவுக்குமான தூரம், அலெக்ஸாண்ட்ரைட்தான் மலை.

சரி, மலிவாக ‘அலெக்ஸாண்ட்ரைட்’ கிடைத்தால்? பெரும்பாலும் வனேடியம் என்ற உலோகம் சேர்த்துச் செய்த செயற்கைக் கொரண்டம் (நீலக்கல்லின் கனிமம்). ஆய்வகச் சான்றிதழ் கேளுங்கள்.

பொடிக்கல்லானாலும் அலெக்ஸாண்ட்ரைட்டையே எடுத்தோம். அன்று இரவு முழுக்க விளக்கடியில் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.