பன்றி முடி பிரஷ், போர்வெல் தண்ணீர்: இரண்டு வருட அனுபவம்

போன வாரம் நண்பன் கேட்டான்: "ஷேவிங் பிரஷ் எதுடா வாங்கலாம்? சிந்தெடிக்கா, பேட்ஜரா, பன்றி முடியா?" மூன்றும் என்னிடம் இருக்கின்றன. (பேட்ஜர் என்பது வளை தோண்டும் ஒரு விலங்கு, அதன் முடியில் செய்த பிரஷ்.) சோப்பை மட்டும் மாற்றவில்லை, இரண்டு வருடமாக அதே ஆர்கோ ஸ்டிக்தான்.

சிந்தெடிக்கில் குறை சொல்ல எதுவுமே இல்லை. அந்த இழை தண்ணீரை உறிஞ்சாது, அதனால் ஊறவைக்கும் வேலை கிடையாது. நனைத்து, இரண்டு உதறு உதறிவிட்டுக் கன்னத்தில் தேய்த்த சோப்பின் மேல் சுற்றினால் ஒரு நிமிடத்தில் நுரை தயார். சீக்கிரமே காய்ந்தும்விடும். பேட்ஜர் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும். ஆனால் வயிற்றில் தேக்கிவைத்த தண்ணீரை நடுவில் கக்கிவிடும், நுரை கழுத்தில் வழியும். கொடுத்த விலைக்கு எனக்கு மனசு ஒப்பவில்லை.

பன்றி முடிதான் என்னைப் படுத்தி எடுத்தது. முதல் மாதம் நனைத்தாலே மிருக வாடை. கன்னத்தில் ஒட்டிய முடியைப் பிடுங்கிப் போட வேண்டும். சோப்பையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு முகத்துக்குத் தராது. பாதி முகம் மழிப்பதற்குள் நுரை செத்துவிடும்.

அப்புறம் கோவையில் சித்தப்பா வீட்டுக்குப் போனபோது அதே பிரஷ், அதே சோப். அங்கே குழாயில் சிறுவாணித் தண்ணீர். பத்துச் சுற்றில் நுரை பொங்கி விரலெல்லாம் வழிந்தது. அன்றைக்குத்தான் புரிந்தது. மேடவாக்கத்தில் எங்கள் போர்வெல் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். சோப் முதலில் அவற்றோடு சேர்ந்து கரையாத கசடாகிவிடும், மிச்சம் இருப்பதுதான் நுரைக்கும். மக்கின் ஓரத்தில் படியும் அந்தச் சாம்பல் நிற ஆடை என் சோப்பேதான்! சிந்தெடிக்கில் தண்ணீர் கொஞ்சமாகவே நிற்பதால் இந்த வித்தியாசம் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

இப்போது அரை டம்ளர் கேன் தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, பிரஷ்ஷை அதில் போட்டுவிட்டுக் குளிக்கப் போகிறேன். திரும்பி வந்து உதறிவிட்டுச் சுற்றினால், புளித்த தோசை மாவு மாதிரி இறுகிய, குமிழ் தெரியாத நுரை. பிரஷ்ஷைத் தூக்கினால் நுனி கொம்பு போல நிற்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், தேய்த்துத் தேய்த்து முடி ஒவ்வொன்றும் நுனியில் இரண்டு மூன்றாகப் பிளந்திருக்கிறது. அடிப்பாகம் விறைப்பு, நுனி மட்டும் மெது. மோவாயில் அழுத்திச் சுற்றும்போது வருகிற அந்தச் சுகம் மற்ற இரண்டிலும் இல்லை.

ஆனாலும் கோபம் முழுசாகத் தீரவில்லை. இன்னமும் வாரத்துக்கு ஒரு முடியாவது உதிர்கிறது. மழைக்காலத்தில் காயாமல் பழைய வாடை திரும்பி வருகிறது. அவசரமாகக் கிளம்ப வேண்டிய நாளில் ஊறவைக்க நேரம் எங்கே இருக்கிறது?

இவ்வளவும் சொன்னால் நியாயமாக சிந்தெடிக்கைத்தான் கைகாட்ட வேண்டும். ஆனால் இன்று காலை ஷேவ் அவ்வளவு அருமையாக அமைந்தது. நண்பனிடம் சொல்லிவிட்டேன்: "பன்றி முடியே வாங்கு. கேன் தண்ணீரில் ஊறவை. மூன்று மாதம் பொறுத்துக்கொள். என் சிந்தெடிக் சும்மாதான் கிடக்கிறது, அதுவரை அதை வைத்துக்கொள்."