ஓட்டு ஊரில் இருக்கட்டுமா, சென்னைக்கு மாற்றலாமா?

2021 ஏப்ரல் 5, திங்கட்கிழமை இரவு. மறுநாள் சட்டமன்றத் தேர்தல். தாம்பரத்தில் மன்னார்குடி பஸ்ஸுக்காக இரண்டு மணி நேரம் நின்றேன். விடியற்காலை ஊரில் இறங்கிக் குளித்துவிட்டு, நான் படித்த அதே பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றேன். கொரோனா காலம் என்பதால் வலது கைக்கு ஒரு பிளாஸ்டிக் கையுறை கொடுத்தார்கள். ஓட்டுப் போட்டுவிட்டு, மதியம் சித்தப்பா வீட்டில் சாப்பிட்டு, இரவே பஸ் ஏறிப் புதன்கிழமை காலை வேலைக்கு வந்துவிட்டேன். ஊரில் நான் போட்ட கடைசி ஓட்டு அது. 2023-ல் படிவம் 8 கொடுத்து என் பெயரையும் மனைவி பெயரையும் சோழிங்கநல்லூர் தொகுதிக்கு மாற்றிவிட்டேன்.

என்னைப் போல ஊரில் ஓட்டும் சென்னையில் வீடுமாக இருக்கிறவர்கள் நிறைய பேர். எதை வைத்துக்கொள்வது என்று கேட்கிறார்கள். நான் மாற்றிக்கொண்ட பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டையும் வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்பார்கள். முடியாது. ஒருவர் பெயர் ஒரு தொகுதியில்தான் இருக்கலாம் என்கிறது 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு. படிவத்தில் பொய்யாக உறுதிமொழி கொடுத்தால் 31-ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறை உண்டு. வெளியூரில் வேலை பார்க்கிறோம் என்பதற்காகத் தபால் ஓட்டும் கிடைக்காது. படைவீரர்கள், தேர்தல் பணியில் இருப்பவர்கள், 85 வயதைக் கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்குத்தான் அந்த வசதி.

ஊர்ப் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். மன்னார்குடி தொகுதியில் நிற்பவர் யார், என்ன செய்தார் என்பது எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரியும். வாய்க்கால் தூர் வாரினார்களா, கொள்முதல் நிலையத்தில் நெல் நனைந்ததா என்று நேரில் பார்த்துத்தான் ஓட்டுப் போடுவார்கள். அதைவிடப் பெரிய விஷயம் ஊராட்சித் தேர்தல். தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தலுக்கும் சட்டமன்றத் தொகுதியின் வாக்காளர் பட்டியலைத்தான் அடிப்படையாக எடுக்கிறார்கள். பெயரை மாற்றினால் ஊராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் சேர்ந்தே போய்விடும். பத்து ஓட்டு, இருபது ஓட்டில் முடிவாகிற தேர்தல் அது. நான் மாற்றிவிட்டேன் என்று சொன்னதும் சித்தப்பா, "ஏன்டா தம்பி, தலைவர் எலெக்‌ஷனுக்கு ஒன்னோட ரெண்டு ஓட்டும் இல்லையா?" என்றுதான் முதலில் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நிலமும் வரப்புத் தகராறும் இன்னும் ஊரில் இருப்பவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

நகரத்தில் ஒரு ஓட்டுக்கு மதிப்பில்லை, கூட்டத்தில் கரைந்துவிடும் என்கிற பேச்சை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2016-ல் ராதாபுரத்தில் 49 ஓட்டில் முடிவு வந்ததை எல்லாரும் நினைவு வைத்திருக்கிறார்கள். 2021-ல் சென்னை நடுவில் இருக்கிற தியாகராய நகரில் வித்தியாசம் 137 ஓட்டுதான். அதே தேர்தலில் தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டில் 87 சதவீதம் பேர் ஓட்டுப் போட்டார்கள். எங்களுக்கு அடுத்த தொகுதியான வேளச்சேரியில் 56 சதவீதம்கூட எட்டவில்லை. மாநிலத்திலேயே அதுதான் கடைசி. கிட்டத்தட்ட பாதிப் பேர் வராத இடத்தில், வருகிறவர்கள் ஓட்டுக்குக் கனம் கூடத்தானே செய்யும்?

ஒரு குறை உண்மை. சோழிங்கநல்லூர் 2011 தேர்தலுக்குப் புதிதாக வந்த தொகுதி. 2001 மக்கள்தொகைக் கணக்கை வைத்து எல்லை போட்டார்கள். அதற்கப்புறம் பழைய மகாபலிபுரம் சாலை நெடுக அடுக்குமாடிகள் வந்துவிட்டன. 2021-ல் இங்கே வாக்காளர்கள் கிட்டத்தட்ட 7 லட்சம். அதே தேர்தலில் துறைமுகம் தொகுதியில் 1.76 லட்சம். ஆனால் இரண்டு இடத்துக்கும் எம்.எல்.ஏ. ஒருவர்தான், தொகுதி மேம்பாட்டு நிதியும் ஒரே அளவுதான். இங்கே எம்.எல்.ஏ.வை நேரில் பார்ப்பது ஊரில் பார்ப்பது மாதிரி இருக்காது.

என்னை மாற்ற வைத்தது ஒரு காகிதம். பள்ளிக்கரணைப் பக்கம் மழை பெய்தால் எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். வடிகால் கேட்டு எம்.எல்.ஏ. அலுவலகத்தில் கொடுக்கக் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு மனு எழுதினோம். பெயர், கதவு எண், வாக்காளர் அட்டை எண், பாகம் எண், கையெழுத்து என்று கோடு போட்ட தாள் வீடு வீடாக வந்தது. என் வரிசையில் நடுவில் இரண்டு கட்டமும் காலி. எனக்கு மேலே கையெழுத்துப் போட்டிருந்த ஒன்பது பேரில் ஆறு பேருக்கும் அப்படியே. வரி இங்கே கட்டுகிறோம், பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள், தண்ணீர் எங்கள் வாசலில் நிற்கிறது. ஓட்டு மட்டும் 300 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அந்தக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆனாலும் இன்றைக்கு ஒருவர் கேட்டால் நான் முதலில் சொல்லும் காரணம் அது இல்லை. பெயரைப் பட்டியலில் காப்பாற்றி வைத்திருப்பதுதான். வாக்காளர் பட்டியலில் ஒருமுறை ஏறிவிட்டால் ஆயுசுக்கும் இருக்கும் என்று நினைக்கிறோம். அது பராமரிக்க வேண்டிய ஒன்று. வாக்குச்சாவடி நிலை அலுவலர் வருவார், வீட்டில் ஆள் இருக்க வேண்டும், படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும், வரைவுப் பட்டியல் வந்ததும் போய்ப் பார்க்க வேண்டும். பூட்டிய வீட்டில் இதையெல்லாம் யார் செய்வார்?

ஊரில் எல்லாரையும் தெரியும், அதனால் பெயருக்கு ஆபத்தில்லை என்பார்கள். எனக்கு அது நேர்மாறாகத்தான் தெரிகிறது. எங்கள் ஊரில் அந்த அலுவலர் அங்கன்வாடி டீச்சர். என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர். நான் சென்னையில் குடும்பத்தோடு இருக்கிறேன் என்பதும் அவருக்குத் தெரியும். தெரிந்திருக்கும்போது 'இடம் மாறியவர்' என்று எழுதுவதுதான் அவர் வேலை. சட்டமும் அதையே சொல்கிறது. வழக்கமாக எங்கே குடியிருக்கிறோமோ அங்கேதான் ஓட்டு. ஊரில் சொந்த வீடு இருக்கிறது என்பது மட்டும் போதாது என்கிறது 20-ஆவது பிரிவு.

2025 நவம்பரில், வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்க்கும் சிறப்புத் தீவிர திருத்தம் தொடங்கியபோது இது கண்ணெதிரே நடந்தது. டிசம்பர் 19-ல் வெளியான வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுவதும் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. அதில் சுமார் 66 லட்சம் பேர் இடம் மாறியவர்கள் என்ற கணக்கில் போனவர்கள். சித்தப்பா மகனும் அதில் ஒருவன். சிறுசேரியில் வேலை, ஊரில் ஓட்டு. கணக்கெடுப்புப் படிவத்தை வாங்கி வைத்திருப்பதாகச் சித்தப்பா இரண்டு முறை போன் செய்தார். வருகிறேன், வருகிறேன் என்றவன் போகவில்லை. இப்போது புதிதாகப் பெயர் சேர்ப்பவர் மாதிரி படிவம் 6 போட வேண்டிய நிலை. "அண்ணா, நீங்க அப்பவே மாத்தினது நல்லதாப் போச்சு" என்றான்.

எங்கள் வீட்டுக்கு வந்த அலுவலருக்கு எங்களை யாரென்றே தெரியாது. முதல் முறை வந்தபோது வீடு பூட்டியிருந்தது. வாட்ச்மேனிடம் நம்பர் கொடுத்துவிட்டுப் போனார். சனிக்கிழமை வரச் சொன்னோம், வந்தார், சாப்பாட்டு மேசையிலேயே படிவத்தை நிரப்பிக் கொடுத்தோம். இருபது வருடத்துக்கு முந்தைய பட்டியல் விவரம் கேட்கும் கட்டத்தில் மட்டும் மன்னார்குடியை எழுத வேண்டியிருந்தது. பாகம் எண்ணும் வரிசை எண்ணும் சித்தப்பாதான் போனில் சொன்னார்.

மாற்றுவது கடினமில்லை. படிவம் 8-ஐ இணையத்திலேயே போடலாம். ஆதார், வங்கிப் பாஸ்புக், மின் கட்டண ரசீது போன்றவற்றில் ஒன்றில் புது முகவரி இருந்தால் போதும். அட்டையின் எண் மாறாது. பழைய இடத்தில் பெயரை அவர்களே நீக்கிவிடுவார்கள். நாள் கணக்கில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். வேட்புமனு கொடுக்கும் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் கை வைக்க முடியாது. விண்ணப்பத்தை விசாரிக்கவும் ஒரு வாரம் வேண்டும் என்பதால், தேர்தல் தேதி அறிவித்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

நான் சொல்வதெல்லாம் சொந்த வீட்டில், ஒரே முகவரியில் இருக்கிறவனின் அனுபவம். வருடத்துக்கு ஒரு வாடகை வீடு மாறுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் படிவம் போட வேண்டியிருக்கும். வீட்டு ஓனர் வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்து தர மறுத்தால் எவ்வளவு அலைச்சல் என்பதை நான் பட்டதில்லை. அவர்களுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் அவசரப்பட வேண்டாம். பெற்றோர் வீடா, விடுதி முகவரியா என்று அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். என் அண்ணன் மகள் கோவையில் விடுதியில் இருக்கிறாள். ஊர் முகவரியிலேயே பெயர் சேர்க்கச் சொன்னேன். ஊராட்சித் தேர்தலுக்கு அவள் ஓட்டு இருக்கும் என்பதில் சித்தப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம்.