பூங்காவில் ஷட்டில் கோர்ட்: சிமெண்டா, அக்ரிலிக்கா, டைலா, செம்மண்ணா?

வார்டுக்கு நிதி வருகிறது என்று தெரிந்ததும் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் முதலில் கேட்கும் குரல், "நீலக் கலர்ல போட்டுடலாம் சார், பக்கத்து ஏரியாவுல போட்டிருக்காங்க" என்பதுதான். அந்த நீலம் அக்ரிலிக் பூச்சு. கனம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். கோர்ட் கெடுவது பெரும்பாலும் அதற்குக் கீழே இருக்கும் காங்கிரீட்டில்.

முதலில் இடம். இரட்டையர் ஆட்டத்துக்கு 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். சுற்றிலும் ஒன்றரை மீட்டர் விட்டால் 16.4-க்கு 9.1, ஏறக்குறைய 1,600 சதுர அடி. நீளவாக்கு வடக்கு தெற்காக இருக்க வேண்டும். கிழக்கு மேற்காகப் போட்டால் காலையில் ஒருவருக்கும் மாலையில் இன்னொருவருக்கும் கண்ணில் வெயில். நடைபாதையை ஒட்டி நேராக வர வேண்டும் என்பதற்காகவே திசையை மாற்றிவிடுகிறார்கள்.

சிமெண்ட் தரை. ஜல்லி விரித்து உருளை ஓட்டி, அதன்மேல் கனமான பாலித்தீன் விரிப்பு, அதற்கு மேல் 10 செ.மீ. காங்கிரீட். மொத்தம் சுமார் 15 கன மீட்டர். ரெடிமிக்ஸ் லாரியில் 6 கன மீட்டர் வரும் என்றால் இரண்டரை லோடு. ஒரே நாளில் கொட்டி முடிக்க வேண்டும். வாட்டம் 100-க்கு 1. அதாவது 9 மீட்டர் அகலத்தில் ஒரு பக்கம் இன்னொன்றைவிட 9 செ.மீ. தாழ்ந்திருக்கும். இது ஒரே சரிவாக, பக்கவாட்டில் இருக்க வேண்டும். நெட்டுக்கு அடியில் மேடு தட்டி இரண்டு பக்கமும் வாட்டம் கொடுக்கும் மேஸ்திரிகள் உண்டு. மொட்டை மாடிப் பழக்கம் அது. அப்படிச் செய்தால் பின்னால் போகப் போகத் தரை தாழ்ந்து நெட் உயரமாகிவிடும், தண்ணீர் பின்கோட்டில் போய் நிற்கும்.

கொட்டிய மறுநாளுக்குள் 3 மீட்டருக்கு ஒரு வெட்டு, கனத்தில் கால் பங்கு ஆழத்துக்குப் போட வேண்டும். ஒரு வெட்டு சரியாக நெட்டுக்கு அடியில் வருமாறு பிரித்துக்கொண்டால் யார் காலிலும் தட்டாது. வெட்டாமல் விட்டால் காங்கிரீட் தன் இஷ்டத்துக்கு வெடிக்கும். சென்னையில் வேளச்சேரி மாதிரிக் களிமண் பகுதியில் இன்னும் சீக்கிரம். மழையில் மண் உப்பி, கோடையில் சுருங்கும். பெசன்ட் நகர் மணலில் அந்தத் தொல்லை குறைவு.

மேல்பரப்பை மெஷினில் வழவழவென்று தேய்க்க விடாதீர்கள். ஈரம் பட்டால் வழுக்கும். துடைப்பத்தால் குறுக்கே ஒரு முறை இழுத்த சொரசொரப்பு போதும். குறை ஒன்று உண்டு: முட்டிக்குக் கடினம், விழுந்தால் தோல் உரியும். நாற்பது தாண்டியவர்கள் குதித்து ஸ்மாஷ் அடிக்கும் இடமில்லை இது.

அக்ரிலிக். கால் பிடிமானம் நன்றாக இருக்கும், கோடு பளிச்சென்று தெரியும், பார்க்கவும் அழகு. ஆனால் மேலே சொன்ன தரை அத்தனையும் இதற்கும் வேண்டும், கூடவே 28 நாள் பொறுமையும். கியூரிங்குக்கு, அதாவது காங்கிரீட் இறுகும்வரை ஈரமாக வைத்திருக்க, சாக்கும் தண்ணீரும்தான். கியூரிங் கெமிக்கல் தெளித்தால் பூச்சு ஒட்டாது. பூசுவதற்கு முன் ஒன்றரை அடிச் சதுரத்தில் பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு இரவு விடுங்கள். காலையில் அடியில் வியர்த்திருந்தால் தரை இன்னும் காயவில்லை.

சென்னையில் அக்ரிலிக் சாவது அநேகமாக இந்த ஈரத்தால். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்து, தாழ்வான பகுதியில் நிலத்தடி நீர் ஏறினால், ஆவி கீழிருந்து தள்ளும். பூச்சு அப்பளம் போலக் கொப்பளிக்கும். ஒட்டுப்போட்டால் நிறம் சேராது. பிப்ரவரி, மார்ச்சில் பூசுவது நல்லது. மே மாத நண்பகலில் பூசினால் இழுத்துச் சமன் செய்வதற்குள் காய்ந்து திட்டுத் திட்டாகும். மேலே நாவல் மரம் இருந்தால் அக்ரிலிக் ஆசையை விட்டுவிடலாம், பழக்கறை போகாது. கோர்ட்டுக்காக மரத்தை வெட்டலாம் என்று யாராவது ஆரம்பித்தால், கூட்டத்தை அங்கேயே முடித்துக்கொள்ளவும்.

பிளாஸ்டிக் டைல். ஓர் அடிச் சதுரங்களைக் கோத்துக்கொண்டே போவது. மழை நின்ற கொஞ்ச நேரத்தில் ஆடலாம். உடைந்ததை மட்டும் மாற்றலாம். வெயிலில் விரியும் என்பதால் ஓரத்தில் இடைவெளி விட வேண்டும். சுவரை ஒட்டி இறுக்கினால் மே மாதம் நடுவில் எழும்பும். பெரிய சிக்கல் அடியில்தான். வேப்பம்பூ, புங்க இலை, சேறு எல்லாம் ஓட்டை வழியாக இறங்கி ஊறும். வாட்டம் சரியில்லாத தரையில் அது கொசுப் பண்ணை. மழைக்காலம் முடிந்ததும் கழற்றிக் கழுவ ஆள் உண்டா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

செம்மண். ஷட்டிலுக்கு அல்ல, வாலிபாலுக்கும் கபடிக்கும். அதையும் கணக்கில் சேர்க்கக் காரணம் காற்று. மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்பினால் மயிலாப்பூர், திருவான்மியூர் பக்கம் திறந்தவெளி ஷட்டில் மாலையில் ஆட்டமாகவே இருக்காது, இறகு போகிற போக்கில் போகும். வாலிபாலுக்கு அந்தக் காற்று அவ்வளவு பொருட்டில்லை. இடம் மட்டும் பெரிதாக வேண்டும்: கோர்ட் 18-க்கு 9 மீட்டர், சுற்றிலும் 3 மீட்டர் விட்டால் நல்லது.

செலவு இதில்தான் குறைவு, வேலை இதில்தான் அதிகம். சலித்த மண்ணை ஈரமாக்கிக் கையில் பிடித்துப் பாருங்கள்: உருண்டையாக நின்று, தட்டினால் உதிர வேண்டும். உதிராவிட்டால் களி அதிகம், பிடிக்கவே பிடிக்காவிட்டால் மணல் அதிகம். தினம் தண்ணீர் தெளித்து, அரை ஈரத்தில் உருளை ஓட்ட வேண்டும். ஆள் இல்லையென்றால் இரண்டே மாதத்தில் புழுதிக்காடு.

மரமும் மழையும் உள்ள சாதாரண வார்டுப் பூங்காவுக்கு எங்கள் பரிந்துரை, துடைப்பம் இழுத்த சிமெண்ட் தரை. ஒரு மழைக்காலம் அதை ஆடிப் பாருங்கள். ஈரம் ஏறாமல், வெடிக்காமல் நின்றால் அடுத்த பிப்ரவரியில் அதன்மேலேயே அக்ரிலிக் பூசலாம். நெட் கம்பத்துக்கான குழாயை மட்டும் காங்கிரீட்டுக்கு முன்பே மூடியோடு புதைத்துவிடுங்கள், பிறகு உடைத்துப் புதைத்தால் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். கடைசி பில்லில் கையெழுத்துப் போடுவதற்கு முன் தரை முழுக்கத் தண்ணீர் விட்டு, ஒரு மணி நேரம் கழித்து, தேங்கிய இடங்களில் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். நாணயம் முழுகும் இடத்தை எல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டு, ஒப்பந்தக்காரரை அழைத்துக் காட்டுங்கள்.