பரு விட்டுப்போன கருப்பு: எந்த ட்யூப் முதலில்?

பரு வந்து போன இடம், கொசு கடித்துச் சொறிந்த இடம், தாளிக்கும்போது எண்ணெய் தெறித்த இடம், வாக்ஸிங்கில் தோல் உரிந்த இடம். நம் நிறத்துத் தோலில் இவை எல்லாமே பெரும்பாலும் கருப்பாகத்தான் ஆறும். சிக்குன்குனியா வந்து போனவர்களில் சிலருக்கு மூக்கு மட்டும் கருத்துப்போயிருக்குமே, அதுவும் இதே குடும்பம்தான். தோலில் அழற்சி வந்தால் அங்கே இருக்கும் நிறமி செல்கள் தூண்டப்பட்டு மெலனினை அள்ளிக் கொட்டுகின்றன. புண் ஆறிவிடும், கொட்டியது அப்படியே கிடக்கும்.

மெடிக்கல் ஷாப்பிலும் ஆன்லைனிலும் இதற்கென்று வரிசையாக ட்யூப்கள் இருக்கின்றன. எல்லோரும் கேட்பது "எது சீக்கிரம் போக்கும்?" என்றுதான். நான் இவற்றை அளக்கும் கோல் வேறு: எது தோலை எரிக்காது? அழற்சியால் வந்த கருப்பின் மேல் அழற்சியை உண்டாக்கும் மருந்தைப் பூசினால், பழையது போகும் முன்பே புதுசு வந்து உட்கார்ந்துவிடும்.

வாங்கும் முன் ஒரு சின்னச் சோதனை. கண்ணாடி டம்ளரின் பக்கத்தை அந்த இடத்தில் வைத்து லேசாக அழுத்துங்கள். நிறம் மறைந்தால் அது ரத்தக் குழாய்களின் சிவப்பு, மெலனின் இல்லை. நிறம் போக்கும் க்ரீம் எதுவும் அதற்கு உதவாது. விரலால் தடவும்போது பள்ளம் தட்டுப்பட்டால் அது தழும்பு, அதன் வைத்தியமே வேறு. இரண்டு கன்னத்திலும் ஒரே மாதிரி படர்ந்திருந்தால் அது மங்கு எனப்படும் மெலாஸ்மாவாக இருக்கலாம். அழுத்தியும் மறையாத பழுப்பு என்றால் மெலனின் மேல்தோலில் இருக்கிறது. சும்மா விட்டாலே பல மாதங்களில் மங்கும், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும். சாம்பல் கலந்த நீலமாகத் தெரிந்தால் மெலனின் கீழ்த்தோலுக்கு இறங்கிவிட்டது. அங்கே க்ரீம் அவ்வளவாக எட்டாது, வருடக்கணக்கில் நிற்கும். கீழே சொல்வதெல்லாம் முக்கியமாகப் பழுப்புக்குத்தான்.

சன்ஸ்க்ரீன்: சாதாரணமா, நிறம் சேர்த்ததா?

இது இல்லாமல் மற்ற எந்த ட்யூப் வாங்கினாலும் காசு வீண். எஸ்பிஎஃப் 30 என்றால் தோலைச் சுடும் புற ஊதாக் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. அந்த ஒரு சதவீதத்துக்காக அலைய வேண்டாம், அளவில் கவனம் வையுங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்க வேண்டும். பெரும்பாலோர் பட்டாணி அளவு எடுத்துத் தேய்த்துவிட்டு "சன்ஸ்க்ரீன் வேலை செய்யவில்லை" என்கிறார்கள்.

சாதாரண சன்ஸ்க்ரீனுக்கு ஒரு ஓட்டை உண்டு. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே நம் போன்ற தோலைக் கருக்க வைக்கும். அதை இரும்பு ஆக்ஸைடு சேர்த்த, லேசான நிறமுள்ள சன்ஸ்க்ரீன்தான் தடுக்கிறது. ஆகவே கருப்பு இருப்பவர்களுக்கு என் ஓட்டு நிறம் சேர்த்ததற்கே. விலை கூடுதல், நம் நிறத்துக்குப் பொருந்தும் ஷேடும் எளிதில் கிடைப்பதில்லை. கிடைக்காவிட்டால் சாதாரணமே போதும், கூடவே குடையோ தொப்பியோ.

அசெலாயிக் அமிலமா, ஹைட்ரோகுவினோனா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். மெலனின் தயாராக டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும், இரண்டுமே அதன் கையைக் கட்டுகின்றன.

ஹைட்ரோகுவினோன் பழம்பெரும் மருந்து, 2 முதல் 4 சதவீதத்தில் வரும். வேகத்தில் இதுதான் முன்னால். ஆனால் காலக்கெடு வைத்துத்தான் போட வேண்டும். பொதுவாக மூன்று, நான்கு மாதத்தில் நிறுத்தச் சொல்வார்கள். வருடக்கணக்கில் போட்டவர்களில் சிலருக்குத் தோல் நீலக்கருப்பாக மாறிவிடுகிறது. ஓக்ரனோசிஸ் என்று பெயர், அதைப் போக்குவது மிகக் கடினம். கருப்புக்குப் போட்ட மருந்தால் போகாத கருப்பு! புள்ளியைத் தாண்டிப் பூசினால் சுற்றியுள்ள நல்ல தோலும் வெளுத்து வளையம் போலத் தெரியும். ஐரோப்பிய ஒன்றியம் 2001-லேயே இதை அழகு க்ரீம்களிலிருந்து நீக்கியது. அமெரிக்காவில் 2020 முதல் மருந்துச் சீட்டு இல்லாமல் விற்க முடியாது.

அசெலாயிக் அமிலம் 15 சதவீத ஜெல்லாகவும் 20 சதவீத க்ரீமாகவும் வருகிறது. மெதுவான ஆள். மூன்று மாதம் பொறுக்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. முதல் சில வாரம் பூசியவுடன் சுருசுருவென்று அரிக்கும், பிறகு அடங்கிவிடும். ஆனால் மிகையாக வேலை செய்யும் நிறமி செல்களைத்தான் இது குறிவைக்கிறது, சாதாரண தோலை வெளுக்க வைப்பதில்லை. பருவையும் இதுவே அடக்குகிறது. கர்ப்பிணிகளுக்கும் பொதுவாகப் பாதுகாப்பானது என்று கருதப்படும் சிலவற்றில் இதுவும் ஒன்று (ஆனாலும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது). பரு இன்னும் வந்துகொண்டே இருக்கிறது, கருப்பும் இருக்கிறது என்பவர்களுக்கு இதுதான் முதல் ட்யூப். ஹைட்ரோகுவினோனைத் தோல் மருத்துவர் கையில் விட்டுவிடுங்கள்.

இரவில் பூசுபவை

ட்ரெட்டினாயின் தோல் செல்கள் உதிர்ந்து புதுப்பிக்கும் வேகத்தைக் கூட்டி மெலனினை வெளியே தள்ளுகிறது. 1993-ல் கறுப்பின நோயாளிகளிடம் 0.1 சதவீத க்ரீமை 40 வாரம் போட்டுப் பார்த்த ஆய்வில் கருப்பு குறைந்தது உண்மை. மருந்து போட்டவர்களில் பாதிப் பேருக்குத் தோல் சிவந்து உரிந்ததும் உண்மை. அதனால்தான் இங்கே 0.025 சதவீதத்தில், இரண்டு நாளுக்கு ஒரு முறை, பட்டாணி அளவு என்று ஆரம்பிப்பார்கள். (ஆம், இதற்குத்தான் பட்டாணி அளவு.) அடாபலீன் 0.1 சதவீதம் இன்னும் சாது, பருவுக்கும் நல்லது. எனக்கு அதுதான் பிடிக்கும். கர்ப்பமாக இருப்பவர்கள், திட்டமிடுபவர்கள் இரண்டையும் தொடக் கூடாது.

நியாசினமைடு, வைட்டமின் சி, கோஜிக் அமிலம் மூன்றும் துணை நடிகர்கள். நியாசினமைடு 4, 5 சதவீதம் இருந்தால் போதும், 10 என்று பெரிதாக எழுதியிருப்பதற்காகக் கூடுதல் காசு தர வேண்டியதில்லை. வைட்டமின் சி பாட்டிலில் ஆரஞ்சுப் பழுப்பாகிவிட்டால் தூக்கிப் போடுங்கள். கோஜிக் சிலருக்கு ஒவ்வாமை தரும்.

அந்த மூன்று மருந்துக் கலவை

"முகம் பளிச்சுன்னு ஆக ஏதாச்சும் குடுங்கண்ணா" என்று கேட்டால் சில கடைகளில் கையில் வரும் ட்யூப் இது. பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள்: ஹைட்ரோகுவினோன் 2 சதவீதம், ட்ரெட்டினாயின் 0.025 சதவீதம், மொமெட்டசோன் 0.1 சதவீதம். மூன்றாவது ஸ்டீராய்டு. இந்தச் சேர்க்கையின் மூலம் 1975-ல் க்ளிக்மன், வில்லிஸ் என்ற இருவர் வெளியிட்ட சூத்திரம். மருத்துவர் கண்காணிப்பில், கொஞ்ச காலத்துக்கு என்றால் நன்றாகவே வேலை செய்யும். சிக்கல் அதன் வெற்றியில்தான் இருக்கிறது. இரண்டே வாரத்தில் முகம் தெளியும், யாருக்கு நிறுத்த மனசு வரும்? மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து ரத்தக் குழாய்கள் தெரிய ஆரம்பிக்கும், புதுப் பரு வரும், முகத்தில் ரோமம் முளைக்கும். நிறுத்தினால் தீப்பிடித்தது போல எரியும், அதற்குப் பயந்து மறுபடி பூசுவார்கள். 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு க்ரீம்களை ஷெட்யூல் ஹெச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. சீட்டில்லாமல் விற்கக் கூடாது. விற்கிறார்கள்.

இதைவிட மோசம், தயாரிப்பாளர் பெயரே இல்லாமல் டப்பாவில் வரும் 'வெள்ளை' க்ரீம்கள். பலவற்றில் பாதரசம் இருக்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2023-ல் சிறுநீரக நோயோடு வந்தவர்களை விசாரித்தபோது இத்தகைய க்ரீம்களில்தான் போய் நின்றது. இது போட்டியிலேயே சேர்த்தி இல்லை.

பீலிங், லேசர், அடுப்படி

பீலிங்கும் (அமிலம் பூசி மேல்தோலை உரிப்பது) லேசரும் செலவு அதிகம், தவறினால் தோலைச் சுட்டு இன்னும் கருக்க வைக்கும். சாலிசிலிக் 20, 30 சதவீத மேலோட்டமான பீல் அனுபவமுள்ள மருத்துவர் கையில் பரவாயில்லை, பார்லரில் வேண்டாம். லேசரைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது முதல் தடவை முயல்வது எனக்குச் சூதாட்டமாகத்தான் தெரிகிறது.

எலுமிச்சைச் சாறு பூசி வெயிலில் போனால் தோல் வெந்து புதுக் கருப்பு வரும். ஜாதிக்காய் இழைத்துப் பூசுவதும் எரிச்சல்காரர்களுக்கு ஆகாது. பீர்க்கங்கூட்டு நாரால் தினமும் தேய்ப்பதும் அப்படித்தான், தேய்க்கத் தேய்க்கக் கருக்கும்.

வரும் முன்

மலிவான வைத்தியம் பருவை முளையிலேயே அடக்குவது. அடாபலீனோ பென்சாயில் பெராக்சைடோ பருவுக்கு இப்போதே போட்டால், நாளை கருப்புக்குத் தேட வேண்டியதில்லை. கிள்ளக் கூடாது. குழந்தைகளின் காலில் கொசுக்கடி என்றால் நகத்தை வெட்டி, அரிப்புக்கு மருந்து கேட்டு வாங்குங்கள். அங்கே அரிப்பு நின்றாலே கருப்பு பாதி நின்ற மாதிரி.

இத்தனையும் செய்து நெற்றி ஓரமும் கழுத்தும் மட்டும் கருத்துக்கொண்டே போனால் ட்யூபை மாற்றாதீர்கள், தலைக்கு அடிக்கும் டையைப் பாருங்கள். அதிலுள்ள பிபிடி என்ற சாய ரசாயனத்தின் ஒவ்வாமையால் கூட இப்படிக் கருக்கும். டையை நிறுத்தாதவரை மேலே சொன்ன எதுவும் அங்கே பலிக்காது. எது ஒவ்வாமை தருகிறது என்று கண்டுபிடிக்கும் பேட்ச் டெஸ்ட் செய்யும் தோல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.